கழன்று விழுந்த மூடி

நல்லசிவம் ஞாயிறுதோறும் தன் காரின் சக்கர மூடிகளை ஷாம்பு போட்டுத் துடைப்பார். மூடிக்குப் பின்னால், சக்கரத்தின் நடுவில் இருந்து அதைத் தாங்கிச் சுற்றும் ஹப்பை அவர் பார்த்ததே இல்லை.

"உனக்கென்னப்பா, மாப்பிள்ளை மாதிரி இருக்கே," என்றது முன்சக்கரத்து ஹப். குரல் கரகரத்தது.

"தொண்டைக்கு என்ன?" என்று கேட்டது மூடி.

"கிரீஸ் காஞ்சு மாசக்கணக்காச்சு. மண்ணு வேற புகுந்திருக்கு. சுத்தும்போதெல்லாம் சுடுது. அவருக்குக் கேட்டாத்தானே?"

நல்லசிவத்துக்குக் கேட்கத்தான் செய்தது. சக்கரத்தின் உறுமல் கூடும்போதெல்லாம் அவர் பாட்டைச் சத்தமாக வைத்தார்.

மறுநாள் ஒரு வேகத்தடையில் மூடி தன் பிடியை விட்டது. தார்ச்சாலையில் உருண்டு, முகமெல்லாம் கீறிக்கொண்டு, சாக்கடை ஓரமாகப் போய் விழுந்தது.

நல்லசிவம் பதறி ஓடி அதை எடுத்துவந்தார். மாட்டக் குனிந்தவர், ஹப்பில் விரல் பட்டதும் கையை உதறினார். நேராக மெக்கானிக்கிடம் போனார்.

மெக்கானிக் ஹப்புக்குள் இருந்த பேரிங்கைக் கழுவிப் புது கிரீஸ் அடைத்தார். மூடியைப் பிளாஸ்டிக் டேக் போட்டு இறுக்கிக் கட்டினார்.

அடுத்த ஞாயிறு நல்லசிவம் கீறல்களைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். "சனியன், எப்படித்தான் கழண்டுச்சோ," என்று முணுமுணுத்தார்.



மாலையில் கார் கிளம்பியது. உள்ளே ஹப்பிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. மூடி அதைத்தான் கேட்டுக்கொண்டே சுற்றியது.