மூன்றாவது தடவை

மேஸ்திரி கையைத் தூக்கினார். பம்பு, ஜெனரேட்டர் எல்லாம் நின்றன. பள்ளத்தின் மேலே சபைப் பெண்கள் மட்டும் பாடிக்கொண்டிருந்தார்கள்.

“பாட்ட நிறுத்துங்கக்கா. அவரு தட்டுனா கேக்கணும்,” என்றாள் என் தங்கை.

நிறுத்திவிட்டார்கள். உள்ளே கிடப்பது அவள் புருஷன்.

பதினைந்தடி ஆழத்தில், புதிதாக இறக்கிய சாக்கடைக் குழாய்க்குள் குந்தி இணைப்பைப் பூசிக்கொண்டிருந்தார் மாப்பிள்ளை. காலையில் கரை சரிந்தது. குழாயின் இரண்டு வாயையும் மண் மூடிவிட்டது.

ஒவ்வொரு குழாய் இறங்கும்போதும் சொல்வார் என்பதால் ‘அல்லேலூயா’ என்றுதான் வேலையிடத்தில் அவருக்குப் பேர். காலையிலிருந்து யாரும் அந்தப் பேரை வாயில் எடுக்கவில்லை.

பாஸ்டர் வந்து, இது சோதனை என்றார். தமக்குப் பிரியமானவர்களைத்தான் தேவன் சோதிப்பார் என்றார். போன வருஷம் இவர்கள் பிள்ளையை எடுத்தார், இந்த வருஷம் இது. பிரியம் வைக்க வேறு வீடே கிடைக்கவில்லையா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. தங்கை முகத்தைப் பார்த்து மென்று விழுங்கினேன்.

மண்ணுக்குள் ஓர் இரும்புக் கம்பத்தை அடித்து இறக்கியிருந்தோம். அதன் நுனி கீழே சிமெண்டுக் குழாயைத் தொட்டு நின்றது. மேலே சுத்தியலால் மூன்று தட்டு. பிறகு காது வைக்க வேண்டும். உயிரோடிருந்தால் உள்ளே இருக்கிறவர் திருப்பித் தட்டுவார்.

இரண்டு தடவை பார்த்தாயிற்று. ஒன்றுமில்லை.

மூன்றாவது தடவையும் இல்லையென்றால் கையால் தோண்டுவதை நிறுத்திவிட்டு பொக்லைனை இறக்குவோம் என்று இன்ஜினியர் முடிவாகச் சொல்லிவிட்டார். பொக்லைன் வாய் வைத்தால் குழாய் நொறுங்கும். உள்ளே உயிர் இருந்தால் அதுவும் சேர்ந்து நொறுங்கும்.

தட்டினேன். காது வைத்தேன். வெயிலில் இரும்பு சுட்டது.

“தட்டுறாரு,” என்றேன்.

மேஸ்திரி நம்பவில்லை. மச்சினன் காதுக்கு எதுதான் கேட்காது?

பள்ளத்தின் எதிர்ச் சுவரில் விரல் நுழைகிற அளவுக்குப் புது வெடிப்பு. இனியும் கையால் தோண்டுவதென்றால் நாலு பேர் அதன் அடியில் இறங்க வேண்டும். நாலு பேரும் பிள்ளைகுட்டிக்காரர்கள். என் ஒரு வார்த்தைக்கு அவர்களை இறக்க அவருக்கு மனசில்லை. தங்கையைக் கூப்பிட்டார்.

அவளும் அங்கே மண் சுமக்கிறவள்தான். பொய் சொல்ல மாட்டாள் என்பது எல்லோருக்கும் தெரியும். மாமியார் வைத்த குழம்பில் உப்பு கூடிவிட்டதென்று மூஞ்சிக்கு நேரே சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்கிறவள்.

முழங்கால் போட்டாள். காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். ரொம்ப நேரம் அப்படியே இருந்தாள்.

எழுந்து, முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டாள்.

“ஆமா. தட்டுறாரு.”

மேலே ஸ்தோத்திரம் சொல்லி அழுதார்கள். மேஸ்திரி தலையை ஆட்டினார். நாலு பேரும் கடப்பாரையோடு குதித்தார்கள். பொக்லைன்காரர்கூட இறங்கி வந்து கூடை தூக்கினார்.

மண் கைமாறி வந்தது. வரிசையில் அவள் எனக்குப் பக்கத்தில். நாலாவது கூடையோ ஐந்தாவதோ, என்னிடம் கொடுத்தவள் விளிம்பை விடவில்லை.

“எனக்கு ஒண்ணும் கேக்கலண்ணே,” என்றாள், உதடு அசையாமல். “நீ சொன்னத நம்பித்தான் சொன்னேன். உனக்குக் கேட்டுச்சுல்ல?”

கீழேயிருந்து, கூடையைச் சீக்கிரம் அனுப்பச் சொல்லிக் கத்தினார்கள்.

அவள் கையிலிருந்து கூடையைப் பிடுங்கி அடுத்த ஆளிடம் கொடுத்தேன். அவள் பக்கம் திரும்பவில்லை.