எதிராளிக்கு ஒரு விருந்து

ராஜசேகரனின் கதையை அன்று மாலை நாலு மணிக்குள் முடித்துவிடுவது என்று குணசேகரன் தீர்மானித்திருந்தார். அதுவும் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே.

“யாராவது கண்டுபிடிச்சிட்டா?” என்றாள் அவர் மனைவி புஷ்பா, கொதிக்கும் மட்டன் குழம்பைக் கிளறியபடி.

“எவன் கண்டுபிடிக்கப் போறான்? சாப்பிடப் போறது அவன். வாய் அவனுது, வயிறு அவனுது. நாம சோறு போட்டோம், அவ்வளவுதான்.”

“பாவம்ங்க. ரெண்டு பொண்ணு இருக்கு அந்த மனுஷனுக்கு.”

“எனக்கு மட்டும் மானம் இல்லையா?”

அவர் மானம் போன கதை ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் முழுக்கத் தெரியும். போன வருடம் அம்பத்தூரில் நடந்த ஃபுல் கான்டாக்ட் குங்ஃபூ போட்டியில், நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கான எழுபது கிலோ பிரிவில் இறங்கியது இரண்டே பேர்: ஆவடி குணசேகரன், கள்ளிக்குப்பம் ராஜசேகரன். மணி அடித்த நாற்பதாவது விநாடியில் குணசேகரன் மல்லாந்து கிடந்தார். ஃபேக்டரி வாட்ஸப் குரூப்பில் வீடியோ சுற்றியது. வாய் பிளந்து கிடந்த அவர் முகத்தை எவனோ ஸ்டிக்கராக்கிவிட்டான். இன்றுவரை பாதிப் பேர் அதில்தான் குட் மார்னிங் சொல்கிறார்கள். கேன்டீனில் டீ ஊற்றுகிறவர்கூட, “வாங்க நாப்பது செகண்ட் சார்” என்றுதான் கூப்பிடுகிறார்.

இந்த வருடமும் அதே பிரிவு, அதே இரண்டு பேர். ராஜசேகரன் மட்டும் இல்லையென்றால் தங்க மெடல் தானாகக் குணசேகரன் கழுத்தில் விழும். ஸ்டிக்கர் அனுப்பியவன் ஒவ்வொருவனுக்கும் அந்த மெடலைப் போட்டோ எடுத்து அனுப்பலாம்.

குணசேகரன் அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். ஒரு கிண்ணம் குழம்பைத் தனியாக ஊற்றி, அதில் வெள்ளைப் பொடியைப் போட்டுக் கலக்கினார்.

“இது அவனுக்கு. மறந்துபோய் நீ நாக்குல வெச்சிடாதே.”

ஒரு மணிக்கு ராஜசேகரன் பைக்கில் வந்து இறங்கினார். கன்னம் ஒட்டிப்போய், கண் குழிந்து கிடந்தது.

“இன்னா அண்ணாத்தே, போட்டி அன்னிக்கா விருந்து வெப்பாங்க? நான் துன்றதா இல்ல. நீ இஸ்துகினு கூப்ட்டியேன்னு தலையைக் காட்ட வந்தேன். கெளம்பறேன்.”

“எங்க கல்யாண நாள்ப்பா. ஒரு வாய் தொடாம போனா இவ மனசு என்ன பாடுபடும்?”

ராஜசேகரன் குழம்பைப் பார்த்தார். குணசேகரனைப் பார்த்தார். மறுபடி குழம்பைப் பார்த்தார். மோப்பம் பிடித்துவிட்டானோ? குணசேகரன் அவசரமாகக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினார்.

“நீ துன்னலியா?”

“எனக்கு வயிறு சரியில்லை. காலையிலேருந்து மோர்தான்.”

ராஜசேகரன் எச்சிலை விழுங்கினார். “சரி, ஒரே ஒரு வாய்தான் அண்ணி.”

ஒரு வாய் ஒரு தட்டானது. ஒரு தட்டு மூன்றானது. நாலாவது தட்டில் புஷ்பா நல்லி எலும்பை வைத்தபோது மனிதருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

“நாக்கு வறண்டு போச்சு அண்ணி. கொஞ்சம் தண்ணி குடு.”

ஒரு சொம்பு. இன்னொரு சொம்பு. மூன்றாவதும் காலி. எழுந்தவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஒரு மாதிரியா கீது அண்ணாத்தே.”

“போகப் போகச் சரியாயிடும்” என்று அன்பாக வழியனுப்பிக் கதவைச் சாத்தினார் குணசேகரன். புஷ்பாவைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினார்.

மாலை நாலு மணி. அம்பத்தூர் கல்யாண மண்டபத்தில் போட்டியாளர்களுக்கு எடை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராஜசேகரன் ஏப்பம் விட்டபடி வந்து மெஷினில் ஏறினார்.

எழுபத்திரண்டு கிலோ, நானூறு கிராம்.

“எழுபதைத் தாண்டிட்டீங்களே!” என்று உதட்டைப் பிதுக்கினார் போட்டியை நடத்தும் மாஸ்டர் முகமது இஸ்மாயில். “இந்தப் பிரிவுல உங்களைச் சேர்க்க முடியாது.”

நாலு தட்டுச் சோறு பாதி, டப்பாவிலிருந்த தூள் உப்பு இழுத்த தண்ணீர் பாதி. சட்டப்படி பார்த்தால் இதில் குற்றம் என்று ஒன்றுமே இல்லை. குணசேகரன் சீப்பை எடுத்து, மெடல் போட்டோவுக்காகத் தலையை வாரிக்கொண்டார்.

“எங்க சார் கெளம்பிட்டீங்க?” என்றார் மாஸ்டர். “எழுபது கிலோவுல நீங்க ஒரே ஆள். எண்பது கிலோவுல இப்ப இவர் ஒரே ஆள். சண்டை போடாதவனுக்கு நாங்க மெடல் குடுக்கறதில்லை. ரெண்டு பிரிவையும் சேர்த்து ஒரே ஃபைனலா வெச்சாச்சு. அஞ்சு மணிக்கு ரிங்குக்கு வந்துடுங்க.”

“அது எப்படி மாஸ்டர்? இவரு என்னைவிடக் கனமாச்சே!”

“நீங்க அறுபத்தெட்டரை. இவர் நாலு கிலோதானே கூட? நீங்க கையெழுத்துப் போட்ட ஃபாரத்துலயே இருக்கே, படிக்கலையா?”

அஞ்சு மணி. எடைக்குப் பயந்து காலையிலிருந்து வெறும் மோரோடு இருந்த குணசேகரனின் வயிறு ரிங்குக்குள் பசியில் உறுமியது கூட்டத்துக்கே கேட்டது. பார்வையாளர் வரிசையில் பத்துப் பன்னிரண்டு செல்போன்கள் உயர்ந்தன. கடவுளே, ஐம்பது செகண்டாவது நிற்க வை என்று வேண்டிக்கொண்டார்.

எதிரே ராஜசேகரன். கன்னம் பளபளத்தது, கண்ணில் ஒளி வந்திருந்தது. நன்றி பொங்க இரண்டு கையையும் குவித்து வணங்கினார்.

“போன வருசம் எழுபது கிலோவுக்குள்ள வரணும்னு மூணு நாளு பட்டினி கெடந்து, நிக்கக்கூடத் தெம்பில்லாமத்தான் உன்னாண்ட சண்டை போட்டேன் அண்ணாத்தே, உன் புண்ணியத்துல இன்னிக்குத்தான் வயிறு ரொம்பத் துன்னுட்டு ரிங்குல ஏறிகீறேன்!”