பத்தொன்பதுக்குப் பிறகு

"கல்லு சொல்றபடி பார்த்தா, நீங்க போன நூற்றாண்டுலயே போயிருக்கணும் அத்தை," என்றான் ஆர்லிஸ்.

டோவி சிரித்தார். தொண்ணூற்றொரு வயதில், தன் கல்லறைக் கல்லுக்கு எதிரே மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து சிரிக்கும் பாக்கியம் கென்டக்கி மலையில் வேறு யாருக்கும் வாய்த்ததாகத் தெரியவில்லை.

கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து ஒரே கல். இடது பக்கம் 'எஸ்டில், 1909 - 1951'. வலது பக்கம் 'டோவி, 1913 - 19'. அதற்கப்புறம் வெறும் கல்தான். அந்தக் காலத்தில் பலரும் இப்படித்தான் முன்கூட்டியே வெட்டி வைத்தார்கள். கடைசி இரண்டு எண்களை இருக்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் டோவி இரண்டாயிரத்தையும் தாண்டி நாலு வருஷம் ஆகிவிட்டது.

கல்வெட்டும் ஆர்லிஸை அழைத்து வந்தவள் மகள் க்ளென்னா. அடுத்த ஞாயிறு கல்லறைகளுக்குப் பூ வைக்கும் நாள். ஒஹாயோவிலிருந்தும் மிச்சிகனிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்து குவிவார்கள். வருஷா வருஷம் இந்தக் கல்லைப் பார்த்து அவர்கள் சிரிப்பதைக் கேட்டு அவளுக்கு அலுத்துவிட்டது.

அம்மா பக்கத்தில் பாதி வருஷம் என்றால், அப்பா பக்கத்தில் இருந்த வருஷமே தப்பு. எஸ்டில் சுரங்கக் கூரை சரிந்து இறந்தது 1968ல். அதற்கு ஆறு வருஷம் முன்பே, ஓடைக்கரைப் பாறையிலிருந்து கல் எடுத்து, தன் கையாலேயே பெயர்களை வெட்டி நட்டுவிட்டார். உயிரோடிருக்கிற மனிதர் தன் கல்லில் ஏன் 1951 என்று வெட்டினார் என்பது யாருக்கும் விளங்கவில்லை. இரண்டாம் வகுப்பைத் தாண்டாத ஆள், எண் குழம்பிவிட்டது என்று ஊர் முடிவு கட்டியது. செத்துப்போன பிறகும் பதினேழு வருஷம் நிலக்கரி வெட்டப் போன ஒரே ஆள் எஸ்டில்தான் என்று கேலி வேறு. அந்தக் கேலியைக் கேட்டே வளர்ந்தவள் க்ளென்னா.

ஆர்லிஸ் கல்லைத் தடவிப் பார்த்தான். மணற்கல்லாம், பள்ளத்தை அடைத்துவிட்டு மேலே வெட்டினால் நிற்காதாம். முகப்பையே ஒரு விரல் ஆழத்துக்கு இழைத்துவிட்டுப் புதிதாக வெட்ட வேண்டும். இரண்டு பக்கத் தப்பையும் ஒரே நாளில் சரிசெய்துவிடலாம் என்றான்.

"அப்ப அவரு வெட்டினது?" என்று கேட்டார் டோவி.

"போயிடும் அத்தை. வேற வழியில்ல."

டோவியின் சிரிப்பு நின்றுவிட்டது. இரண்டு முறை வெள்ளம் வந்து வீட்டை அடித்துக்கொண்டு போயிருந்தது. போட்டோ, கடிதம், கல்யாணக் கோட்டு எதுவும் மிஞ்சவில்லை. எஸ்டிலின் கை பட்டது என்று உலகத்தில் மிச்சமிருந்தது இந்தக் கல் ஒன்றுதான்.

வீடு போனபோதுகூட டோவி அழுததை யாரும் பார்த்ததில்லை. இது தங்கிப்போகிற வீடுதான், குடியிருக்கப்போகிற வீடு மேலே பரலோகத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, சேறு வழிக்க மண்வெட்டி கேட்டவர் அவர். மகனைப் புதைத்த வாரமும் ஆராதனையில் முன் பெஞ்சில் உட்கார்ந்து பாடினார். ஆர்லிஸுக்கு நினைவு தெரிந்ததிலிருந்து அந்த பெஞ்சு காலியாக இருந்ததில்லை. சபையில் யாருக்காவது நெஞ்சு தளர்ந்தால், போதகரைத் தேடுவதற்கு முன் டோவியைத்தான் தேடுவார்கள். அப்படிப்பட்டவரின் கண் இப்போது கலங்கியது.

க்ளென்னா பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, தப்பைத் திருத்துவதில் என்ன வருத்தம் என்று மெதுவாகக் கேட்டாள்.

"அவரு பக்கத்தைத் தொடாத ஆர்லிஸ்," என்றார் டோவி. "என் பக்கத்துல எழுபத்தொண்ணுன்னு வெட்டு. கணக்கு சரியாயிடும்."

ஆர்லிஸும் க்ளென்னாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வயசாகிவிட்டது என்றது அந்தப் பார்வை.

"அம்மா, எழுபத்தொண்ணுல நீ நல்லாத்தானே இருந்த," என்றாள் க்ளென்னா.

"அம்பத்தொண்ணுல உங்கப்பாவும் நல்லாத்தான் இருந்தாரு. அந்த வருஷம்தான் கீழ இந்த ஓடையில ஞானஸ்நானம் எடுத்தாரு. பழைய எஸ்டில் அதோட செத்தாச்சு, இனி சாவு கிடையாது, வீடு மாறுறதுதான்னு எங்கிட்ட மட்டும் சொல்லிக்கிட்டே இருப்பாரு. எழுபத்தொண்ணுல நான் எடுத்தேன்."

இதை ஏன் இத்தனை வருஷம் சொல்லவில்லை என்று ஆர்லிஸ் கேட்டான்.

"ரட்சிப்பு கிடைச்சிருச்சுன்னு நம்ம சபையில யாராவது வாய்விட்டுச் சொல்லியிருக்கோமா? அது பெருமையடிக்கிற மாதிரி ஆயிடும். ஒரு சின்ன நம்பிக்கை இருக்குன்னு சொல்றதோட நிறுத்திக்குவோம். அதைப் போயி கல்லுல வெட்ட எனக்குத் துணிச்சல் வரல. இன்னைக்கு நீ இழைக்கணும்னதும் வந்துருச்சு."

ஆர்லிஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். பிறகு, எஸ்டில் மாமா தன் வருஷத்தை முழுசாக வெட்டிவிட்டு, அத்தைக்கு மட்டும் சாகிற வருஷத்துக்கு ஏன் இடம் விட்டார் என்று கேட்டான்.

"சாகிற வருஷத்துக்குன்னு யாரு சொன்னா? அப்ப நான் கோயில் படியை மிதிக்காதவ. அவரு ஜெபம் பண்ண முட்டி போட்டா, ரேடியோவைச் சத்தமா வைப்பேன்," என்றார் டோவி. "பத்தொன்பதுன்னு வெட்டிட்டு உளியைக் கீழ வச்சாரு. 'அவசரமில்ல டோவி, நீ ஓடையில இறங்குற அன்னைக்கு மிச்சத்தை வெட்டுறேன்'னாரு."