நல்லா பார்த்துக்கிட்டேன்

மூன்றாவது தடவையும் அறிக்கை திரும்பி வந்தது. 'நன்றாக' என்ற சொல் எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் சிவப்பு வட்டம்.

மருந்துக் கிடங்கில் குளிர் அறை அவள் பொறுப்பு. மணி நாலரை. ஐந்துக்குள் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வர வேண்டும். காகிதத்தோடு நேராக மேலாளர் அறைக்குள் நுழைந்தாள்.

"வருஷம் பூரா என்ன வேலை செஞ்சேன்னுதானே எழுதச் சொன்னீங்க? 'மருந்துகளை நன்றாகப் பார்த்துக்கொண்டேன்'னு எழுதியிருக்கேன். அதுல என்ன சார் தப்பு?"

"பார்த்துக்கிட்டேன்னா? நின்னு வேடிக்கை பார்த்தீங்களா?"

அவளுக்குச் சுருக்கென்றது.

"போன கோடையில குளிர் மெஷின் நின்னுபோச்சே, அன்னைக்கு என்ன செஞ்சீங்க?"

"பெட்டியை எல்லாம் மாத்தினேன்."

"எத்தனை பெட்டி? எங்க? எவ்வளவு நேரத்துல?"

"இன்சுலின் மட்டும் முந்நூறு பெட்டி. எதிர்ல இருக்கிற ஐஸ் கம்பெனிக்கு. நாப்பது நிமிஷம். படி ஏறி இறங்கி முட்டி வீங்கிப்போச்சு."

"அதுக்குப் பேரு மாத்துறதா?"

அவள் ஒரு நொடி யோசித்தாள். "காப்பாத்தினேன்."

"அதை எழுதுங்க. ஆறு மணிக்குள்ள எல்லார் அறிக்கையும் தலைமை அலுவலகத்துக்குப் போயாகணும். அடுத்த ஆளை வரச் சொல்லுங்க."

வெளியே பேக்கிங் அண்ணன் காகிதத்தைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடையதில் 'உதவி செய்தேன்' ஆறு இடத்தில் அடிக்கப்பட்டிருந்தது.

"எந்த உதவி, யாருக்கு, எப்பன்னு ஆளை வறுத்தெடுக்கிறாரும்மா. வாத்தியார் வேலைக்குப் போகவேண்டிய மனுஷன், வழி தவறி இங்க வந்து நம்ம உயிரை வாங்குறாரு."

அவள் கணவனுக்குப் போன் செய்தாள். "நீங்களே போய் பாப்பாவைக் கூட்டிக்கிட்டு வந்துடுங்க. சாருக்கு இன்னைக்கு இலக்கணப் பேய் பிடிச்சிருக்கு."

மறுபடி எழுதினாள். மறுபடி வட்டம். 'கவனித்தேன்' போய், 'தினமும் மூன்று முறை வெப்பநிலையைக் குறித்தேன்' ஆனது. அடுத்த மேசையில் மேலாளரே பேக்கிங் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு வரிக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தார். டீ ஆடை கட்டிக் கிடந்தது.

கடைசி அறிக்கையை அவர் அனுப்பியபோது ஆறாக இரண்டு நிமிடம். கிளையில் வேலை செய்யும் ஏழு பேரும் ஒருவருக்கொருவர் முணுமுணுத்துக்கொண்டே கிளம்பினார்கள். யாரும் அவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

பத்து நாள் கழித்து ஆட்குறைப்புப் பட்டியல் வந்தது. மற்றக் கிளைகளில் பாதிப் பேர் காலி. பயந்து பயந்து தங்கள் கிளையின் பெயர்களைத் தேடினாள். ஏழு பேரில் ஒருவர்கூட இல்லை. மேலாளர் பெயர் மட்டும் இருந்தது.

அவர் அறைக்கு ஓடினாள். மேசை துடைத்துவிட்டதுபோல் இருந்தது. பொறுப்பை எடுத்துக்கொள்ளத் தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த அம்மாள் அலமாரியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், எதை வெச்சு ஆளைக் குறைச்சாங்க?"

"அன்னைக்கு வந்த அறிக்கையை வெச்சுத்தான். என்ன வேலை செஞ்சாங்கன்னு யாரோடதுல தெளிவா இல்லையோ, அவங்களை எடுத்துட்டாங்க. மேலாளர்களுக்கு மட்டும் விஷயம் தெரியும். வெளியில மூச்சு விடக்கூடாதுன்னு உத்தரவு."

"அப்போ எங்க சார் தன்னைப் பத்தி என்ன எழுதியிருந்தாரு?"

அம்மாள் கோப்பைப் புரட்டினார்.

"ஆறு மணி வரைக்கும் உங்க ஏழு பேரோடதுதான் ஒண்ணொண்ணா வந்துக்கிட்டிருந்துச்சு. அவரோடது வரவே இல்லையேம்மா."