ஸ்டீரிங்கை ஆட்டியவர்

உத்தமபாளையத்தில் பக்கீர் முகம்மது சர்க்கரை நோயில் மௌத்தாகி மூன்று மாதம் ஆகிறது. அவர் கடைசியாக ஓட்டி நிறுத்திய கார் அப்படியே நிற்கிறது. ஸ்டீரிங் பூட்டிக்கொண்டுவிட்டது, சாவியும் திரும்பவில்லை.

“சாயங்காலம் தேனி ஆஸ்பத்திரியிலருந்து எம் பொண்டாட்டி ஷாஜியாவையும் பொறந்த பிள்ளையையும் கூட்டியாரணும்ணே. எப்படியாச்சும் எடுத்துக் குடுத்துருங்க” என்று மெக்கானிக் வேல்பாண்டியிடம் சொல்லிவிட்டு, மகன் ஷானவாஸ் ஜும்மா தொழுகைக்குப் போனான்.

வேல்பாண்டி டிரைவர் பக்கக் கதவருகே மண்டியிட்டு, ஸ்டீரிங்குக்கு அடியில் தலையைக் கொடுத்தார். ஒரு கை பூட்டைத் தட்ட வேண்டும், மறு கை சாவியைத் திருப்ப வேண்டும். ஸ்டீரிங்கை ஆட்டத்தான் ஆள் இல்லை.

“அம்மா, இங்கன வந்து ஸ்டீரிங்கக் கொஞ்சம் ஆட்டுங்க” என்று வீட்டுக்குள் இருந்த ஷானவாஸின் அம்மாவுக்குக் குரல் கொடுத்தார்.

சற்றுப் பொறுத்து இடது பக்கக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஸ்டீரிங் இடமும் வலமுமாக, அந்த வண்டியை வருஷக்கணக்கில் ஓட்டிய கை ஆட்டுவதுபோல் இதமாக அசைந்தது. சாவி திரும்பியது.

“போதும்” என்றார். நின்றது.

ஷானவாஸ் திரும்பி வந்தபோது என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

“அம்மாதான் வந்து ஆட்டிக் குடுத்தாக” என்றார் வேல்பாண்டி.

“அம்மா இத்தாவுல இருக்காகண்ணே. அத்தா போனதுலருந்து வெளியாளுக முன்னாடி வர்றதே இல்ல.”

இடது பக்கக் கதவு இன்னும் திறந்தே இருந்தது.

ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து அம்மா ஜெய்த்தூன் பீவியின் குரல் கேட்டது. “ஏலே, மூணு டீ ஆத்தி வச்சிருக்கேன், எடுத்துட்டுப் போ. ஒண்ணுல சீனி போடல.”