மலை ஏறும் உடம்பு

"நூத்தி ஆறு... நூத்தி ஏழு... நூத்தி எட்டு. போதும் மாமா, முழங்காலு கழண்டுக்கப் போவுது!"

கயிற்றுக் கட்டிலில் படுத்தபடியே சுலோசனா எண்ணினாள். வாசலில் உட்கார்ந்து எழுந்து பஸ்கி போட்டுக்கொண்டிருந்த அவள் கணவர் முனிகிருஷ்ணன் நிறுத்தவில்லை. "இன்னும் அம்பது கீது. நீ பேசாம எண்ணு" என்றார், மூச்சு வாங்காமலேயே.

எண்ணத் தொடங்கியவளை இருமல் பிடித்துக்கொண்டது. வாயைத் துடைத்த துணியில் இரத்தத் திட்டு. கணவர் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று அதைத் தலையணைக்கு அடியில் செருகினாள்.

சயரோகம் முற்றிவிட்டது, ஐப்பசியைத் தாண்டுவது கடினம் என்று டாக்டர் கைவிரித்திருந்தார். சுலோசனாவுக்கு உயிர்மேல் பெரிய ஆசை இல்லை. கண் மூடுவதற்குள் ஒரே ஒருமுறை ஏழுமலையானைப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். ஆனால், இருமுகிறவளோடு மலை பஸ்ஸில் ஏற யாரும் சம்மதிக்கவில்லை. டோலி சுமப்பவர்களும் கையெடுத்துக் கும்பிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள்.

அந்த வாரத்தில்தான் முனிகிருஷ்ணன், "ஆவணியில அடிவாரம் அலிபிரியிலேருந்து நிக்காம மலை ஏறணும். ஒடம்பைத் தேத்தணும்" என்றார். சுலோசனா அழுதேவிட்டாள். டோலிக்காரர்களே தொடக் கூசிய உடம்பைச் சுமக்க ஒரு முதுகு இருக்கிறதே!

முன்பெல்லாம் அவர் இரும்புக் குண்டு தூக்குவதில் பேர்போனவர். இப்போது அந்தப் பக்கம் திரும்பியும் பார்ப்பதில்லை. தண்டால், பஸ்கி, மாடிப்படியில் நூறுமுறை ஏறி இறங்குதல்; தம் உடம்பைத் தவிர வேறு பாரம் எதையும் தொடுவதில்லை.

"இன்னா மாமா, என்னைத் தூக்கிக்கினு ஏறணும்னா குண்டு தூக்கிப் பழக வேணாவா?"

"குண்டு தூக்குனா தோளுதான் பெருக்கும். மலை ஏறுறதுக்கு மூச்சுடி வேணும்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த தண்டாலுக்குக் குனிந்தார்.

பக்கத்து வீட்டுச் சந்திரம்மா கஞ்சிக் கிண்ணத்தை நிலைப்படியில் வைத்துவிட்டு எட்ட நின்றுகொண்டாள். "குடுத்து வெச்சவடி நீ! எங்க வூட்டு மனுசன் ஒரு கொடம் தண்ணி தூக்கச் சொன்னா இடுப்பைப் புடிச்சிக்கினு குந்திக்கிறாரு."

மாதம் இருமுறை ஏகாம்பரம் என்றொரு பெரியவர் வருவார். தேகப்பயிற்சி சொல்லித்தரும் வாத்தியார் என்றே சுலோசனா எண்ணியிருந்தாள். "எங்க திருத்தணியைத்தான் ஆந்திராவுலேருந்து பிரிச்சி மதராசுல சேத்துட்டாங்களே! பெருமாளைப் பாக்க நான் இப்ப வேற ராஜ்யத்துக்கு வர்றேன்" என்று அவர் தெருவுக்கே கேட்கும்படி சிரிப்பார். நிலைப்படியை மட்டும் தாண்ட மாட்டார்.

முனிகிருஷ்ணனை நூறு பஸ்கி போடச் சொல்லி, முடித்ததும் அவர் முதுகில் காதை வைத்துக் கேட்பார். "நல்லா இழு... ம், வுடு. சுத்தமா கீது."

"ஐயா, எனக்கும் கொஞ்சம் பாருங்களேன்" என்று ஒருமுறை சுலோசனா கேட்டாள். பெரியவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார்.

ஆவணி முதல் வெள்ளிக்கிழமை விடிந்தது. சுலோசனா யார் துணையும் இல்லாமல் எழுந்து குளித்தாள். பெட்டியிலிருந்து தன் கூறைப்புடவையை எடுத்துச் சுற்றிக்கொண்டாள்; இரண்டு சுற்றுக்கு இருந்த புடவை இப்போது நான்கு சுற்று வந்தது. நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக்கொண்டு கட்டில் விளிம்பில் வந்து உட்கார்ந்தாள்.

முனிகிருஷ்ணன் புது வேட்டியோடு உள்ளே வந்தார். வாசலில் ஏகாம்பரம் குதிரை வண்டியோடு காத்திருந்தார்.

"மேல இருமிடுவேன்னு பயப்படாத மாமா. தோ, வாயில துணி கட்டிக்கினேன்." சுலோசனா குழந்தையைப் போல இரு கைகளையும் தூக்கினாள். "வா, குனி."

முனிகிருஷ்ணன் குனிந்தார். அவளுடைய கைகளில் பட்டுவிடாமல், கட்டிலின் கால்மாட்டில் மடித்து வைத்திருந்த பட்டு அங்கவஸ்திரத்தை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார்.

தூக்கிய கைகளை இறக்கத் தோன்றாமல் சுலோசனா வாசலையே பார்த்திருந்தாள். வண்டியில் ஏறப்போனவரின் முதுகைத் தட்டி, ஏகாம்பரம் சொன்னது உள்ளே தெளிவாகக் கேட்டது.

"நடுப்படியில ஒரு தபா இருமினாலும் எம் பொண்ணு கெடையாது, மாப்ளே!"