ஞாயிற்றுக்கிழமை முதலாளி

கூட்டாளிகளோடு விளையாடும்போது, ஷூ நுனியால் பந்தைத் தள்ளிவிட்டு ஜெயிக்கிற ஆளை நீங்கள் என்னவென்று சொல்வீர்கள்?

தென் பிலடெல்பியாவில், எங்கள் மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கிற போச்சே என்கிற பந்துருட்டு ஆட்டக் களத்தில் அந்த ஆளுக்கு நிறையப் பட்டப்பேர் உண்டு. ஒன்றைக்கூடப் பிள்ளைகள் முன்னால் சொல்ல முடியாது. ஞானஸ்நானத்தில் வைத்த பேர் மட்டும் அமெதியோ.

அந்த ஞாயிறும் ஆட்டம் கடைசிப் புள்ளிக்கு வந்து நின்றது. முதலில் எறிந்து வைக்கிற குட்டிப் பந்துக்கு யார் உருட்டிய பந்து கிட்டே கிடக்கிறதோ, அந்த அணிக்கு ஜெயம். நுன்சியோவின் பந்து அழகாய்ப் போய்ப் பக்கத்தில் நின்றுவிட்டது. அமெதியோவின் பந்து அதற்குக் கொஞ்சம் தள்ளி.

அமெதியோ அளவு டேப்போடு குனிந்தார்.

அந்த நேரம் பார்த்து ஜீனாவின் ஒன்றரை வயது மகன் களத்துக்குள் ஓடினான். "பிடி, பிடி!" என்று எல்லாத் தலையும் அந்தப் பக்கம் திரும்பியது. ஓடி வந்து பிள்ளையைத் தூக்கிய ஜீனா மட்டும் பார்த்துவிட்டாள். அமெதியோவின் ஷூ மெல்ல நகர்ந்தது. பந்தும் நகர்ந்தது.

"என் பந்துதான் கிட்ட! வந்து பாத்துக்கோங்கடா!"

"யோவ், இப்பத்தானே தள்ளிக் கிடந்துச்சு?" நுன்சியோ கத்தினார்.

"மொதல்ல உன் கண்ணாடியைத் துடை."

ஜீனா வாயைத் திறக்கப் போனாள். தோற்ற அணியில் ஆடிய அவள் மாமனார் பாஸ்குவாலே கையை ஆட்டினார். "விடும்மா. அவங்க அம்மா வயித்துலேர்ந்தே ஏமாத்திட்டுத்தான் வெளிய வந்தான்."

விடக்கூடிய விஷயமா அது? ஜெயித்த அணித் தலைவர்தான் அன்றைக்கு முதலாளி. ஒயின் ஜாடி அவர் கையில். யாருக்கு ஊற்றுவது, யாரைக் காயப் போடுவது, எல்லாம் அவர் இஷ்டம். காய்ந்தவன் கேட்கவும் கூடாது, சொந்தக் காசில் வாங்கிக் குடிக்கவும் கூடாது.

அமெதியோ வரிசையாக ஊற்றினார். திட்டிக்கொண்டே கோப்பையை நீட்டிய நுன்சியோவுக்குக்கூட ஊற்றினார். பாஸ்குவாலேயிடம் வந்ததும் ஜாடியை நிமிர்த்திக்கொண்டார்.

"உனக்குக் கிடையாது. உன் மூஞ்சிக்குத் தண்ணியே அதிகம்."

எல்லோரும் சிரித்தார்கள்.

நுன்சியோ ஜீனாவின் காதில் சொன்னார்: "ஈஸ்டர்லேர்ந்து இதே கூத்துதாம்மா. ஒரு ஞாயிறுகூட உன் மாமனாருக்கு ஒரு சொட்டு விடல, அந்தப் பாவி."

ஜீனாவுக்குச் சுருக்கென்றது. ஒவ்வொரு ஞாயிறும் மதியச் சாப்பாட்டில் மாமியார் ஒயின் ஊற்ற வந்தால், "களத்துலயே ஆச்சு, போதும்" என்று மாமா கோப்பையைக் கவிழ்த்து வைப்பாரே. அவமானத்தை மறைக்கத்தானா அது?

பிள்ளையை நுன்சியோ மடியில் போட்டாள். அமெதியோ கையிலிருந்த ஜாடியை வெடுக்கென்று பிடுங்கினாள். ஒரு கோப்பை வழிய வழிய ஊற்றி மாமனார் கையில் திணித்தாள்.

"குடிங்க மாமா! ஏன் அங்கிள், இத்தனை வருஷக் கூட்டாளியை இப்படிக் காயப் போடறீங்களே, வெக்கமா இல்ல?"

"அப்படிப் போடு மருமகளே! குடி பாஸ்குவாலே, குடி!" களமே கைதட்டியது.

பாஸ்குவாலே கோப்பையையே பார்த்தார். விரலெல்லாம் ஒயின் வழிந்தது. கோப்பை மெல்ல வாய்க்குப் போனது.

பாய்ந்து வந்து அமெதியோ ஒரே தட்டு. கோப்பை புழுதியில் உருண்டது.

"இன்னிக்கு முதலாளி நான்! இவனுக்கு ஊத்தறதுக்கு நீ யாரு?"

அவருடைய மற்ற பேர்கள் அத்தனையும் அப்போது நாலாபக்கமும் கேட்டன. பிள்ளைகள் இருந்ததை யாரும் பார்க்கவில்லை.

மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு, மாமனாரை வீட்டுக்கு அழைத்துப் போகத் தேடினாள் ஜீனா. களத்தோரக் கொட்டகைக்குப் பின்னால் குழாயடியில் நின்று, விரல்களைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் துண்டோடு அமெதியோ.

"விரலை நக்கலையே?"

"இல்லடா. நீ தட்டலேன்னா குடிச்சிருப்பேன்."

"குடியை விட்டுட்டேன்னு எல்லார்கிட்டயும் சொல்லித் தொலையேன்டா! உன்னைக் காயப் போடறதுக்காக நான் வாராவாரம் ஜெயிக்க வேண்டியிருக்கு. முட்டி வலி உயிர் போவுது."

"முன்ன மூணு தடவை சொல்லிட்டுத்தானே விட்டேன்? எத்தனை நாள் தாங்குவேன்னு மூணு தடவையும் பந்தயம் கட்டினானுங்க. வீட்லயும் ஒரே சிரிப்பு. மொத ஆளா பந்தயம் கட்டினதே நீதானேடா, நாயே!"

"கட்டினேன். ஜெயிச்சேன்."

ரெண்டு பேரும் சிரித்தார்கள். அமெதியோதான் முதலில் நிறுத்தினார்.

"அடுத்த வாரம்தான்டா பயமா இருக்கு. நுன்சியோ இப்ப நல்லா உருட்டறான். இனிமே எல்லாரும் என் காலையேதான் பாத்துட்டு இருப்பானுங்க."

"தாத்தா!" என்றான் இடுப்பிலிருந்தவன்.

அகப்பட்ட திருடர்கள் மாதிரி ரெண்டு பேரும் திரும்பினார்கள். ஜீனா பிள்ளையை இறக்கி நிறுத்தி, அவன் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கொட்டகையை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அங்கிள், அடுத்த ஞாயிறு அளக்கக் குனியறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு கண்ணைக் காட்டுங்க. இவனைக் களத்துல அவுத்து விட்டுடறேன்."